புள்ளி, கோடு, கண்ணகி

காப்பியப் பாத்திரங்களைப் புள்ளிகளாக வைத்து, உறவுகளைக் கோடுகளாக இழுக்கும் வலைப்படத்தை இன்று கணினி நொடியில் வரைந்துவிடுகிறது. இதன் பூர்வீகம் கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்கள். எந்தப் பாலத்தையும் இருமுறை மிதிக்காமல் ஏழையும் கடக்க முடியாதென்று 1735இல் கணிதர் ஆய்லர் நிறுவினார். வேடிக்கை, அவர் அந்தப் படத்தை வரையவே இல்லை! பாலங்களைப் புள்ளியும் கோடுமாக முதலில் காட்டியது ரவுஸ் பாலின் கணிதப் புதிர் நூல், 1892இல். அதே ஆண்டில்தான் உ.வே.சா. சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார்.

படத்தை மனிதர்கள் பக்கம் திருப்பியவர்கள் ஓடிப்போன சிறுமிகள். 1932இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊரில், பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் தப்பினார்கள். மருத்துவர் மொரேனோவும் ஹெலன் ஜென்னிங்ஸும் யாருக்கு யாரோடு ஒட்டுதல் என்று விசாரித்து வரைந்தார்கள். ஓடும் எண்ணம் அந்தக் கோடுகள் வழியாகத்தான் பரவியிருந்தது. புகழ் மட்டும் பெரும்பாலும் மொரேனோவுக்கே போனது.

1993இல் கணினி அறிஞர் டொனால்ட் குனூத், நிரல்களைச் சோதிக்க விக்டர் ஹியூகோ நாவலின் பாத்திரங்களையும் இலியட் பாத்திரங்களையும் தரவாக்கினார். ஹியூகோ தரவை ஆளாளுக்கு நகலெடுத்தார்கள். பிரெஞ்சு மாணவர்கள் உருவாக்கிய கெஃபி மென்பொருளில் அது மாதிரிக் கோப்பாகவே உட்கார்ந்தது.

சிலம்பை இதில் போட்டுப் பாருங்கள். ஒரே காதையில் வந்தால் கோடு என்று விதித்தால் கண்ணகிக்கும் மாதவிக்கும் கோடு விழும். இந்திரவிழாக் காதை இருவர் கண்ணீரையும் சேர்த்தே சொல்கிறது. நேரில் சந்தித்தால்தான் கோடு என்றால் அது அறுந்துவிடும், அவர்கள் சந்திப்பதே இல்லை. இந்த இரண்டாம் விதியில் மதுரைக் காண்டத்துக் கண்ணகியைச் சுற்றிக் கவுந்தி, மாதரி, ஐயை என்று பெண்களே நெருங்கி நிற்கிறார்கள். ஆனால் சேரன் மனைவி இளங்கோ வேண்மாள் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறாள். கண்ணகியை அவள் பார்த்ததில்லை. நம் நாட்டுக்கு வந்த பத்தினியை வழிபட வேண்டும் என்று சொல்லிக் கோயிலுக்கு வித்திட்டதோ அவள்தான்.

பூம்புகாரிலிருந்து கண்ணகி நடந்த வழியைத் தேடிப்போன சி. கோவிந்தராசனார், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மங்கலதேவி கோயிலை அந்தக் கண்ணகி கோட்டமாக 1963இல் அடையாளம் காட்டினார். சித்ரா பௌர்ணமிக்குக் கம்பம் பள்ளத்தாக்கே பளியன்குடி வழியாக அங்கே ஏறும். வேங்கை மர நிழலில் கண்ணகியைக் கடைசியாகக் கண்டு, முதலில் தெய்வமென்று கொண்டாடிய மலைக்குறவர்களுக்கோ காப்பியம் தனிப்பெயர் தரவில்லை. பெயர்ப்பட்டியல் கேட்கும் மென்பொருளில் அவர்களுக்குப் புள்ளியும் கிடையாது.