திண்ணையில் பாடி, மணலில் எழுதி

போன மாதம் நம் கீழ்த்தள ஹாலில் பிள்ளைகள் ராகம் போட்டு ஆத்திசூடி சொன்னார்கள். "இது சத்தம், படிப்பு இல்லை" என்று ஒருவர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால் கொஞ்சம் பழைய கதை.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் கிடைத்த மொத்தம் 12,498. (லெட்ஜர் எழுதியே வயதானவன், கூட்டுத்தொகை கண்டால்தான் எனக்கு நிம்மதி.) நம் பக்கத்து ஊர்களில் அப்படிப்பட்ட பள்ளி என்றால் வாத்தியார் வீட்டுத் திண்ணைதான். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம், பிரம்படியும் உண்டு. அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் எழுத்து கற்பித்த விதத்தைப் பாருங்கள். எழுத்தின் பெயரையே பாட வசதியாக நீட்டி வைத்தார்கள்: ஆனா, ஆவன்னா. வாத்தியாரோ சட்டாம்பிள்ளையோ ராகமாகச் சொல்ல, பிள்ளை உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதும். வாயும் காதும் விரலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆத்திசூடியின் வரிகளும் அகர வரிசையில் தொடங்குவதால், பாட்டே அரிச்சுவடி ஆகிவிடும்.

எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், ஒரு நாள் குதிரையில் போகும்போது இப்படியொரு பள்ளியைப் பார்த்தார். திரும்பி வந்து மணலைப் பரப்பச் சொன்னார். இல்லத்து ஆசிரியர்கள் முடியாது என்றதும், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. ராகம் இங்கேயே தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் பேரன் எல்லா வரியையும் பிசகாமல் பாடுவான். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு "இது என்னடா?" என்றால், முதலிலிருந்து பாடி வந்துதான் சொல்வான். எழுதிக் கொடுத்தவர் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. நாங்கள் பாட்டை வைத்துக்கொண்டு மணலை விட்டுவிட்டோம்.

ஆகவே வரும் ஞாயிறு மாலை 5 முதல் 6 வரை, பிள்ளைக்கு ஒரு தாம்பாளம் கொடுத்தனுப்புங்கள். சலித்த மணல் என் பொறுப்பு. ஹால் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம்.