ஊசி முனையில் வந்த துயர்

நீர்வளம் ஒரு நாட்டின் பெருஞ்செல்வம். அந்நீரே சில வேளைகளில் நோய்க்கும் வழியாகிவிடும் என்பதற்கு எகிப்து நாட்டின் வரலாறு சான்று பகர்கின்றது. அந்நோயைத் தீர்க்க முனைந்த மருத்துவமே வேறொரு கொடிய நோயை நாடெங்கும் விதைத்தது என்பது அவ்வரலாற்றின் இன்னொரு பகுதியாகும். நல்லெண்ணம் ஒன்றே போதுமா என்னும் வினாவை எழுப்பும் அப்பகுதியை ஈண்டு நோக்குவோம்.

நைல் ஆற்றங்கரை உழவர்களைத் தொன்றுதொட்டு வாட்டிய நோய் பில்ஹார்சியா. நீரில் வாழும் ஒருவகை நத்தையின் உடலில் வளர்ந்து வெளிவரும் நுண்ணிய புழு, நீரில் இறங்கி நிற்போரின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. அது இடும் முட்டைகள் சிறுநீர்ப்பையையும் குடலையும் கல்லீரலையும் கெடுக்கின்றன. சிறுநீரில் குருதி கலந்து வருவது இந்நோயின் அடையாளம். மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய எகிப்தியப் பாடம் செய்த உடல்களில் இப்புழுவின் முட்டைகள் இருந்ததை மார்க் அர்மண்ட் ரூபர் 1910ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அதற்கு முன்பே, 1851ஆம் ஆண்டில், கெய்ரோ நகரில் பணியாற்றிய செர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் இப்புழுவைக் கண்டறிந்திருந்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

பண்டைக் காலத்தில் ஆண்டுக்கொரு முறை வெள்ளம் வரும், வடியும், வயல் காயும். காய்ந்த நிலத்தில் நத்தைகள் பெருக வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தி விளைச்சலைப் பெருக்க வேண்டி, ஆண்டு முழுவதும் நீர் ஓடும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1902ஆம் ஆண்டில் அசுவான் அணை எழுந்தது. விளைச்சல் பெருகிற்று, அதனோடு நத்தையும் பெருகிற்று, நோயும் பெருகிற்று. கால்வாயில் கால் நனைக்காமல் உழவன் பிழைப்பது எங்ஙனம்?

இந்நோய்க்கு மருந்து கண்டவர் சூடான் நாட்டின் கார்ட்டூம் நகரில் பணிபுரிந்த மருத்துவர் கிறிஸ்டபர்சன். ஆண்டிமனி என்னும் உலோகம் சேர்ந்த உப்பைச் சிரை வழியே ஊசியாகச் செலுத்தினால் புழு மடியும் என்று அவர் 1918ஆம் ஆண்டில் அறிவித்தார். இம்மருந்தைக் கொண்டு எகிப்திய அரசு 1950களிலிருந்து 1980கள் வரை சிற்றூர்தோறும் பேரியக்கம் நடத்திற்று. ஏழை உழவனின் வாசலுக்கே மருத்துவத்தைக் கொண்டு சென்ற அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஒருவருக்கு ஓர் ஊசி போதாது. பல வாரங்களுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் தேவைப்பட்டன. 1964 முதல் 1969 வரை ஆண்டுதோறும் சராசரியாக 2,50,000 பேருக்கு 20 இலட்சத்திற்கு மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன.

அவை கண்ணாடி ஊசிக்குழல்கள். ஒருவருக்குப் பயன்பட்டதையே கழுவி, கொதிநீரிலிட்டு, அடுத்தவருக்கும் பயன்படுத்துவர். நெடுநேரம் கொதிக்க வைத்தாலன்றி அவை தூய்மையாகா. வரிசையோ நீண்டது, நேரமோ குறுகியது. அக்காலத்தில் இதனை நேரில் கண்டெழுதிய ஒருவரின் குறிப்பு நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. காலை 9.20க்குத் தொடங்கிய மருத்துவர் ஒருவர் 10.10க்குள் 504 பேருக்கு ஊசி போட்டு முடித்தாராம். ஒருவருக்கு ஏறத்தாழ ஆறு நொடி! பயன்படுத்திய குழல்கள் ஓரிரு நிமிடங்களே கொதித்தன. அக்குறிப்பு அம்மருத்துவரின் திறமையை வியந்து எழுதப்பட்டது என்பதுதான் வேதனை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நம்பிக்கையோடு நின்ற ஆண்கள், பெண்கள், சிறுவர் ஆகியோரின் உடலில் மருந்தோடு ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சி நோயின் நச்சுயிரியும் புகுந்தது.

இந்நச்சுயிரி கள்வனைப் போன்றது. உடலில் நுழைந்தபின் இருபது, முப்பது ஆண்டுகள் ஓசையின்றி உறையும். பின்னர் கல்லீரலைச் சுருங்கச் செய்யும். சிலருக்குப் புற்றுநோயும் தரும். இதன் இருப்பே 1989ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. அதற்குள் எகிப்தில் ஊசியின் காலம் முடிந்து, பிராசிகுவாண்டல் என்னும் மாத்திரை வந்துவிட்டது. ஆனால், நோயுற்றோர் உடலிலிருந்த நச்சுயிரி அங்கேயே நிற்கவில்லை. இரத்தம் ஏற்றுதல், பல் மருத்துவம், தூய்மையற்ற ஊசிகள் ஆகியவற்றின் வழியே அடுத்த தலைமுறையையும் பற்றிற்று. 2008ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில் 15 முதல் 59 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் குருதியில் இத்தொற்றின் தடயம் காணப்பட்டது. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பெரும் பாதிப்புக்கு ஆளாகவில்லை.

காரணம் என்ன? 2000ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு விடை கூறிற்று. ஊசி மிகுதியாகப் போடப்பட்ட டெல்டாப் பகுதியில் நோய் மிகுதி. ஊசி குறைந்த நகரங்களில் நோய் குறைவு. ஊசிக் காலத்தில் வாழ்ந்த முதியோரிடம் மிகுதி. பின்னர்ப் பிறந்தோரிடம் குறைவு. இவ்வொப்பீடு ஐயத்தை அகற்றிற்று.

அன்று அறியாமல் நேர்ந்த பிழைதானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? நச்சுயிரியை எவரும் அறியார் என்பது உண்மை. ஆயினும், தூய்மையற்ற ஊசிக்குழல் மஞ்சட்காமாலையைப் பரப்பும் என்பதை மருத்துவ உலகம் 1940களிலேயே அறிந்திருந்தது. அறிந்த சிறு கடமை, பெருந்தொண்டின் விரைவில் புறக்கணிக்கப்பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தனர், குழலைப் பார்க்கவில்லை.

எனினும், இவ்வரலாறு துயரத்தோடு முடியவில்லை. 2006ஆம் ஆண்டில் எகிப்து இந்நோயை எதிர்க்கத் தேசியக் குழுவொன்றை அமைத்தது. அமெரிக்காவில் 12 வார மருத்துவத்துக்கு 84,000 டாலர் விலை கூறப்பட்ட சோபோஸ்புவிர் மருந்தை, 2014ஆம் ஆண்டில் 900 டாலருக்குப் பேசிப் பெற்றது. பின்னர் உள்நாட்டிலேயே அதனினும் மலிவாகச் செய்தது. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏறத்தாழ 5 கோடிப் பேரின் குருதியைச் சோதித்தது. நோய் கண்டோருக்குக் கட்டணமின்றி மருந்து வழங்கிற்று. 2023ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், இந்நோயை ஒழிக்கும் பாதையில் பொன்னிலை எய்திய முதல் நாடு எகிப்தே என்று அறிவித்தது. நம் மலேசியாவுக்கும் இதில் தொடர்புண்டு. 2021ஆம் ஆண்டில் இந்நோய்க்கென மலேசியா பதிவு செய்த ராவிடாஸ்விர் என்னும் மருந்து, எகிப்திய நிறுவனத்தின் கூட்டுறவால் உருவானதே.

முன்னைய இயக்கமும் பின்னைய இயக்கமும் ஒரே நாடு நடத்தியவை. இரண்டிலும் மக்கள் வரிசையில் நின்றனர். முன்னதில் விரைவு மட்டும் இருந்தது. பின்னதில் விரைவோடு விழிப்பும் இருந்தது. பிழையை மறைக்காமல் ஆராய்ந்தமையே இம்மாற்றத்திற்கு வித்தாயிற்று. மாத்திரை வருமுன் மாண்ட உழவர்களை எந்தப் பொன்னிலையும் மீட்டுத் தராது. ஆயினும், பொதுத்தொண்டில் இறங்குவோர் சிறு கடமையையும் சிறிதென எண்ணலாகாது என்னும் பாடத்தை அவர்கள் நமக்கு விட்டுச் சென்றுள்ளனர். மாணவர் உலகம் அதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.