சுண்டெலியும் சூலகமும்

நெல்மூட்டையைத் துளைத்துக் களஞ்சியத்தைப் பாழாக்கும் சிற்றுயிராகவே சுண்டெலி மக்களுக்கு அறிமுகமாயுள்ளது. ஆயின், பெண்ணுடலை ஆளும் ஓமோனை அறிஞர்க்குக் காட்டிக்கொடுத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

1672 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு மருத்துவரான டி கிராப் என்பார், சூலகத்தின் மேற்பரப்பில் நீர் நிறைந்து புடைத்து நிற்கும் சிறு பைகளை விவரித்தார். அப்பையே முட்டை என்று அவர் கருதினார். அதனுள்ளே கிடக்கும் நுண்ணிய சூலைப் பேயர் என்னும் அறிஞர் ஒரு நாயின் சூலகத்திற் கண்டது 1827 இலேயாம். இடையிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்துவிட்டது!

சூல் கிடைத்தது, சூழ்ந்துள்ள நீரின் பணி யாது என்பது விளங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்துக் கினவர், முயல்களின் சூலகத்தை உரிய இடத்தினின்றும் எடுத்து வேறிடத்தில் ஒட்டிவைத்தபோது கருப்பை சுருங்காதிருந்தமையைக் கண்டார். சூலகத்திலிருந்து ஏதோவொரு பொருள் குருதிவழியே செல்கிறது என்பது இதனாற் புலனாயிற்று. ஆனால் அப்பொருளை அளந்தறிய உரைகல் இல்லை. உரைகல் இல்லாத காலத்திலே சூலகச் சாறு என்ற பெயரில் விற்கப்பட்ட மருந்துகளுக்குக் குறைவில்லை. அவற்றின் பயனோ எவரும் அறியார்.

அவ்வுரைகல்லை அளித்தது சுண்டெலி. பிறப்புவழியின் உட்புறத்திலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், சூலகத்தின் நிலையை விலங்கைக் கொல்லாமலே அறியலாம் என 1917 இல் நியூயோர்க்கில் கினிப்பன்றிகளைக் கொண்டு காட்டப்பட்டிருந்தது. எட்கார் அலன் 1922 இல் அம்முறையைச் சுண்டெலிக்குப் பொருத்தி, நான்கைந்து நாட்களுக்கொரு முறை வரும் அதன் வட்டத்தை வகுத்துரைத்தார். பின்னர் சென் லூயிஸ் நகரில் இரசாயன வல்லுநர் எட்வேட் டொய்சியோடு சேர்ந்தார். இறைச்சிக்கூடங்களிலிருந்து பெற்ற பன்றிகளின் சூலகப் புடைப்புக்களில் உள்ள நீரை உறிஞ்சியெடுத்து, சூலகம் நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கும் எலிகளுக்கும் ஏற்றினர். ஓய்ந்துகிடந்த உறுப்புக்கள் மீண்டும் விழித்தன. 1923 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் இச்செய்தி வெளியாயிற்று. 1929 இல் டொய்சியும், ஜெர்மனியிற் புட்டெனான்டும் தனித்தனியே ஈஸ்திரோனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதனினும் ஆற்றல் மிக்க ஈஸ்திரடயோலைச் சூலகத்திலிருந்தே பெற டொய்சி குழுவினர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. நான்கு தொன் பன்றிச் சூலகத்திலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 12 மில்லிகிராம் மாத்திரமே.

இத்துணை அரிய பொருளுக்கு மலிவான மாற்றொன்று 1938 இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்டது. ஸ்டில்பெஸ்ட்ரோல் என்பது அதன் பெயர். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கு அதனை வழங்கினர். பயனில்லை என்று 1953 இலேயே சிக்காகோவில் நடந்த ஆய்வு காட்டியும் வழக்கம் நிற்கவில்லை. 1971 இல், அதனை உட்கொண்ட அன்னையரின் புதல்வியர் சிலருக்கு அரிய புற்றுநோய் தோன்றியமை வெளிப்பட்டது.

மீண்டும் சுண்டெலியே துணைக்கு அழைக்கப்பட்டது. பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு அம்மருந்தை ஏற்றிய யப்பானிய ஆய்வாளர், ஒரு புடைப்புக்குள் ஒரு சூலுக்குப் பதிலாகப் பல சூல்கள் அடங்கியிருத்தலைக் கண்டனர். இதன் காரணம் புடைப்புக்களின் பிறப்பிலே தேடத்தக்கது. சுண்டெலியின் கருவிலே சூல்கள் கூடுகூடாக ஒட்டியிருக்கும். குட்டி பிறந்த சில நாட்களுக்குள் அக்கூடு கலைந்து, சூல்கள் பல மாய, எஞ்சியவை தனித்தனியே மெல்லிய உறை போர்த்து ஆதிப் புடைப்புக்களாகும். அதன்பின் அவை வளரத் தொடங்கும் முதற்படிக்குக் கபச்சுரப்பியின் ஏவல் வேண்டுவதில்லை.

2007 இல் அமெரிக்காவின் சிறக்கியூஸ் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனையில், குட்டிகளின் சூலகத்துக்கு ஈஸ்திரடயோலையோ புரோஜெஸ்தரோனையோ அளித்தபோது, கூடு கலைவது தடைப்பட்டது. கருவில் இருக்கையில் தாயின் ஓமோன்கள் கூட்டைக் காத்து நிற்கின்றன என்றும், பிறப்போடு அவை வீழ்வதே கூடு கலைவதற்கு வழிவிடுகின்றது என்றும் அவர்கள் கருதினர். சோயா அவரையிலுள்ள ஜெனிஸ்டீன் என்னும் பொருளும் அக்கூட்டைக் கலையவிடாது தடுத்தது. ஈஸ்திரசனைப் போல நடிக்கும் அப்பொருள் சோயாவினால் ஆக்கப்படும் குழந்தை உணவிலும் உண்டாகையால், ஆய்வாளரின் நோக்கு சுண்டெலிக் கூட்டிலிருந்து தொட்டிலின் பக்கம் திரும்பியது.