‘டிக்’ என்றொரு சத்தம்

நாயைப் பழக்கணும்னா அதட்டல், உதை, கழுத்துப்பட்டை. இதுதான் வெகுகாலப் பாடம். 1910-இல் ஜெர்மன் போலீஸ் அதிகாரி கான்ராட் மோஸ்ட் எழுதிய கையேடும் கட்டாயப்படுத்துவதைத்தான் பெரிதும் நம்பியது.

1951-இல் பி. எஃப். ஸ்கின்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வேறு வழி சொன்னார். பசித்த நாய், துணுக்குத் துணுக்காய்த் தீனி, அமுக்கினால் ‘டிக்’ எனும் தகர பொம்மை. வீட்டு அலமாரிக் கைப்பிடியை நாய் மூக்கால் தொடணுமா? அந்தப் பக்கம் திரும்பினாலே ‘டிக்’, உடனே தீனி. அப்புறம் ஓர் அடி வைத்தால்தான். அப்புறம் தொட்டால்தான். சத்தம் எதுக்கு? தீனி வாய்க்குப் போவதற்குள் நாய் வேறெதையோ செய்திருக்கும். எந்த நொடிக்குக் கூலி என்று அதுக்குப் புரியணுமே!

இதில் எனக்கு உறுத்துவது காலக்கணக்குதான். போர்க்காலத்தில் ஸ்கின்னரோடு புறா பழக்கிய கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதி 1940-களிலேயே இதை நாய்ப் பயிற்சியாளர்களிடம் கொண்டுபோனார்கள். யாரும் சட்டை பண்ணலை. அவர்கள் தீவன விளம்பரத்துக்குக் கோழி பழக்கப் போய்விட்டார்கள். ஹவாயில் டால்ஃபின்களை விசில் ஊதிப் பழக்கிய கேரன் ப்ரையர் 1984-இல் ‘டோன்ட் ஷூட் தி டாக்’ எழுதினார். 1990-களில்தான் அந்த ‘டிக்’ வீட்டுக் கூடங்களில் பரவலாகக் கேட்டது. அதுவரை கழுத்துப்பட்டைதான்.