பனிக்கட்டியும் இரும்பும்

ஜெர்மன் மொழியில் மீன்கொத்திக்கு ‘ஐஸ்ஃபோகல்’ என்று பெயர். ‘ஐஸ்’ பனிக்கட்டி, ‘ஃபோகல்’ பறவை. அகராதி வேண்டியதில்லை. பனிக்கட்டிப் பறவை என்று எழுதிவிட்டு மொழிபெயர்ப்பாளன் அடுத்த வரிக்குப் போய்விடலாம். நானும் ஒருமுறை அப்படித்தான் போனேன்.

ஆனால் இப்பறவைக்கும் பனிக்கட்டிக்கும் இருப்பது பகை. நீர் உறைந்தால் பாய்ந்து மீன் பிடிக்க முடியாது, பட்டினிதான். 1962-63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஐரோப்பாவில் மீன்கொத்திகள் ஏராளமாக மடிந்தன. தன்னைக் கொல்வதன் பெயரையே பறவை ஏன் சுமக்க வேண்டும்?

படித்தவர்களின் விடை ஒன்று உண்டு. ‘ஹால்சியன்’ என்ற பறவை குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலையொட்டி, முன்னும் பின்னுமாக ஏழேழு நாட்கள் கடல் அடங்கியிருக்கும்போது கூடு கட்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அந்தக் கதையிலிருந்து பனி வந்திருக்கலாம். உண்மையில் மீன்கொத்தி வசந்தத்தில், ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது.

மற்றொரு விடை சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. பழைய ஆங்கிலச் சொற்பட்டிகளில் இப்பறவையின் லத்தீன் பெயருக்கு எதிரே ‘ஈசெர்ன்’ என்றிருக்கிறது. இரும்புக்கும் அம்மொழியில் ‘ஈசெர்ன்’தான். எனவே ஜெர்மன் பெயரும் முதலில் இரும்புப் பறவையாக, எஃகின் நீலப் பளபளப்பைக் குறித்ததாக இருந்து, பிறகு பனிக்கட்டியாகக் கேட்கப்பட்டது என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். எல்லோரும் ஒப்பவில்லை. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. புரியாமல் போன உறுப்பின் இடத்தில் புரிகிற உறுப்பை வைத்துக்கொள்வது பேசுகிறவர்களின் இயல்பு. டச்சுக்காரர்களும் டேனியர்களும்கூட இன்று பனிக்கட்டிப் பறவை என்றே சொல்கிறார்கள்.

இதே பறவை, சிறுநீல மீன்கொத்தி, நம் குளக்கரைகளிலும் உண்டு. மீன்கொத்தியைச் சிறுபாணாற்றுப்படை ‘மணிச்சிரல்’ என்கிறது. அங்கே கண்ணில் பட்டது நீலமணி. வடக்கே, என் ஊகம் சரியென்றால், இரும்பு. இரண்டும் பார்த்தவன் வைத்த பெயர்கள். பனிக்கட்டியோ பார்க்காதவன் திருத்தியது.

பதம் பிரித்துவிட்டால் அர்த்தம் கையில் வந்துவிடும் என்று நம்புகிற விமர்சனம் நம்மிடையே செல்வாக்கோடு இருக்கிறது. கவிதையில் நம்மைத் தடுத்து நிறுத்துகிற சொல்லால் ஆபத்தில்லை. அதை எப்படியும் விசாரிப்போம். தயங்காமல் திறந்துகொள்கிற சொல்லையே நான் இப்போது சந்தேகிக்கிறேன்.