கரையோடு நின்ற பொதுவுடைமை: இலங்கைப் பஸ் சேவையின் வரலாறும் எழுவைதீவும்

போக்குவரத்தின் வரலாற்றை எந்திரங்களின் வரலாறாக எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எந்த ஆண்டில் எவ்வகை வண்டி வந்தது, எத்தெருவழியே ஓடிற்று என்னும் விவரங்களோடு அது நிறைவுபெற்று விடுகின்றது. ஆனால், வண்டி யாருடைய உடைமை, அதில் அமரும் உரிமை யாருக்கிருந்தது, அது எந்த இடத்தோடு திரும்பிச் சென்றது ஆகிய மூன்று வினாக்களையும் எழுப்பும்போதே அது சமூக வரலாறாகின்றது. பாலத்தாலும் தாம்போதியாலும் இணைக்கப்படாத எழுவைதீவில் நின்றுகொண்டு இவ்வினாக்களை எழுப்பினால், தலைநகரிலிருந்து நோக்குவோர்க்குப் புலப்படாத சில உண்மைகள் புலப்படும்.

நகரசபை நடத்திய போக்குவரத்துக்கு இலங்கையில் நாம் காணும் முதன்மையான எடுத்துக்காட்டு கொழும்பாகும். 1899இல் அங்கு மின்சார டிராம் வண்டிகள் தனியார் கம்பனியொன்றின் கீழ் ஓடத் தொடங்கின. 1929இல் டிராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்ஹவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, மருதானையில் பொலிசார் நடத்திய துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐவர் உயிரிழந்தனர். 1944இல் கொழும்பு மாநகரசபை டிராம் சேவையைத் தன்பொறுப்பில் ஏற்றது. 1953 முதல் 1964 வரை துரொலி பஸ்களையும் நடத்திற்று. பொதுவுடைமை தொழிலாளர் திரண்டிருந்த நகரிலேயே முதலில் வேர்கொண்டது தற்செயலன்று. அதே வேளை, 1929இல் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய குணசிங்ஹவே 1930களில் மலையாளத் தொழிலாளருக்கெதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தினார் என்பதும் மனங்கொளத்தக்கது. வர்க்க உணர்வு முதிராதவிடத்து இனவுணர்வு அதன் இடத்தைக் கைப்பற்றும் என்பதற்கு இது ஒரு முன்னறிவித்தலாகும்.

கொழும்புக்கு வெளியே நிலைமை வேறு. ஒரு வண்டியை வாங்கித் தானே ஓட்டிய சிறு உடைமையாளரே தொடக்கத்தில் இத்தொழிலில் இருந்தனர். ஒரே வீதியில் பல வண்டிகள் பயணிகளுக்காக முண்டியடித்தன. 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க பஸ் சேவை அனுமதிப்பத்திரச் சட்டம் இப்போட்டிக்கு முடிவுகட்டி, ஒரு வழியை ஒரு கம்பனிக்கே உரியதாக்கிற்று. ஒழுங்கு ஏற்பட்டது உண்மை. ஆனால் அதன் விளைவாக உருவானது பஸ் முதலாளி என்னும் புதிய வர்க்கப் பிரிவு. தென்பகுதியில் அப்பிரிவு அரசியலிலும் செல்வாக்குப் பெற்றது. இலாபம் தரும் வழியில் வண்டி ஓடியது. தராத வழியில் மக்கள் நடந்தனர்.

யாழ்ப்பாணத்தில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பஸ் ஆசனத்தில் அமர்வதற்குத் தடை இருந்தது. கட்டணம் செலுத்தியும் நிற்கவோ தரையில் இருக்கவோ வேண்டியவராயினர். பணம் எல்லோரையும் சமப்படுத்தும் என்னும் முதலாளித்துவ வாக்குறுதி, நிலவுடைமைச் சமூகத்தின் சாதியமைப்போடு எவ்வளவு எளிதில் சமரசம் செய்துகொண்டது என்பதை இவ்வாசனங்கள் காட்டுகின்றன.

1956இல் ஆட்சிக்கு வந்த மக்கள் ஐக்கிய முன்னணி அரசு, அடுத்த ஆண்டில் இரு சட்டங்களை நிறைவேற்றிற்று. 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொதுவிடங்களிலும் பொது வண்டிகளிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. 48ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்க வழிசெய்தது. 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. இ.போ.ச.வின் வருகையால் இலாபமற்ற கிராமத்து வழிக்கும் வண்டி விடவேண்டும் என்ற கடப்பாடு பிறந்தது. மாணவர் குறைந்த கட்டணப் பருவச் சீட்டோடு பட்டினத்துப் பாடசாலைக்குச் செல்ல முடிந்தது. சட்டம் மட்டும் சாதியை ஒழித்துவிடவில்லை என்பதற்கு 1966இல் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களே சான்று. எனினும், வண்டி தனியொருவரின் சொத்தாக இருந்தவரை கேட்க முடியாத ஓர் உரிமையை, அது பொதுச் சொத்தானபின் கேட்க முடிந்தது.

ஆனால் இதே அரசு 1957 முதல் மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் புகுத்தியிருந்தது. 1958 மார்ச் மாதத்தில் அவ்வெழுத்தைத் தாங்கிய இ.போ.ச. வண்டிகள் வடக்கே வந்தன. எழுத்தை அழிக்கும் இயக்கம் இங்கு எழுந்தது. தெற்கில் தமிழ் எழுத்துக்களுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. தனியார் முதலாளியிடமிருந்து மக்களுக்காக மீட்கப்பட்ட வண்டி, மக்களில் ஒரு பகுதியினரை அந்நியராக்கும் அடையாளத்தோடு அவர்முன் வந்து நின்றது. தேசியமயமாக்கத்தைத் தூய முற்போக்கெனப் போற்றுவோரும், இனவாத அரசின் செயலென முற்றாக ஒதுக்குவோரும் இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தையே காண்கின்றனர்.

இனித் தீவுகளை நோக்குவோம். பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாண நகரையும் வேலணையையும் இணைக்கின்றது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு மற்றொரு தாம்போதி உண்டு. பொன்னாலைத் தாம்போதி வழியே காரைநகரை அடையலாம். ஆகவே பஸ் வண்டி ஊர்காவற்றுறைக்கும் குறிகட்டுவானுக்கும் சென்றது. அதற்கு அப்பால் நெடுந்தீவும், நயினாதீவும், அனலைதீவும், ஏறக்குறைய ஒன்றரைச் சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள எழுவைதீவும் கடலுக்குள்ளே கிடக்கின்றன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் ‘ஹூர்ண்’ என்று அழைத்த தீவு எழுவைதீவு. கண்ணகை அம்மன் துறையிலிருந்து படகேறியே அதனை அடைய வேண்டும்.

கடலை அரசு முற்றாகப் புறக்கணித்தது என்று கூறுவது பொருந்தாது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடியது; நெடுந்தீவுக்குக் ‘குமுதினி’ ஓடியது. ஆனால் எழுவைதீவு மக்கள் பெரிதும் நம்பியிருந்தது தனியார் படகுகளையே. வீதியில் இலாபமற்ற வழிக்கும் வண்டி விடுதல் கடமை என்ற கொள்கை, கடல்வழிக்கு அதே உறுதியோடு பொருந்தவில்லை. நோயாளியும், கர்ப்பிணியும், மேல் வகுப்புக்குச் செல்லும் மாணவனும் வாடையும் சோளகமும் விடுக்கும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கு இயற்கை செய்வது பாதி. மீதியைச் செய்வது, எதனைப் பொதுவழி எனக் கருதுவது என்ற அரசியல் முடிவு.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை, 1979 முதல் தனியார் பஸ்களை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தது. இலாப வழி, இலாபமற்ற வழி என்ற பழைய பாகுபாடு திரும்பிற்று. அதன்பின் போர் வந்தது. 1985 மே 15ஆம் திகதி குமுதினியில் சென்ற பயணிகளில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதைச் செய்தனர் என உயிர்தப்பியோர் கூறினர். பொதுப் படகு என்பது தன் குடிமக்களை அரசு பாதுகாக்கும் இடமாகவும் இருத்தல் வேண்டும். அந்நாளில் அந்த உடன்பாடே முறிந்தது. 1990, 1991 ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பிறர் நாட்டில் குடியேறிய பலர் திரும்பவில்லை. மக்கள் குறைந்தமையால் சேவை கட்டுப்படியாகாது என்பதும், சேவையின்மையால் மக்கள் திரும்பார் என்பதும் ஒன்றையொன்று வளர்க்கும் நச்சு வட்டமாயின.

2005இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை புதிய சட்டத்தின் கீழ் மீண்டும் அமைக்கப்பட்டது. அதன் வண்டிகள் இன்றும் துறைமுகம்வரை செல்கின்றன. 1958இன் சிறப்பு அரசு வண்டி வாங்கியதில் இல்லை. பயணம் என்பது சந்தைப் பொருளன்று, குடிமகனின் உரிமை என்று ஏற்றுக்கொண்டதில் இருந்தது. அவ்வுரிமை பேசிய மொழியாலும் பிறந்த சாதியாலும் குறுக்கப்படலாகாதெனில், பிறந்த கரையாலும் குறுக்கப்படலாகாது. தீவுக்குச் செல்லும் படகின் செலவை வறிய உள்ளூராட்சிச் சபைகளின் தலையில் சுமத்தாது, வீதிப் பஸ்ஸைப் போலவே தேசியச் செலவில் நடத்துவதே 1958இல் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதியாகும்.