பேசும் கருவியும் பேசாத பலகையும்

வலையமைப்பின் கருவிகளையும் இணைப்புகளையும் மென்பொருளிற் பதியும் முயற்சி இரு வழிகளிற் சென்றுள்ளது: கருவியே கூறும் சாட்சியத்தைத் திரட்டல் ஒன்று, மனிதர் எழுதிவைத்தல் மற்றொன்று. முதல்வழியில், இணையப் பொறியியற் செயற்குழு 1996இல் வெளியிட்ட ஆர்.எப்.சி. 2037 குறிப்பிடத்தக்கது. எவ்வட்டை எப்பெட்டியினுள், எத்துறை எவ்வட்டையில் என்ற அடக்கத்தை அது மரவடிவில் வகுத்தது. 2005இல் ஐ.ஈ.ஈ.ஈ. வகுத்த எல்.எல்.டி.பி. நெறியால் கருவிகள் தம்மை அயற்கருவிகளுக்கு அறிவிக்கலாயின.

ஆயினும் மின்சாரமற்ற இணைப்புப் பலகை பேசாது. இடையே நான்கு பலகைகள் இருப்பினும், இருபுறக் கருவிகளும் தம்மை நேரே அடுத்தவையாகவே கொள்ளும். கேபிள் பழுதுற்றவிடத்துத் தேடுவோனுக்கு வேண்டியவையோ அப்பலகைகளே! இங்குதான் இரண்டாம் வழி இன்றியமையாததாகின்றது.

டிஜிற்றல்ஓசன் நிறுவனத்தில் உருவாகி 2016இல் திறந்த மூலமாக வெளியான நெற்பொக்ஸ், இறாக்கையையும் அதன் 1.75 அங்குல அலகுகளையும் அவற்றிற் பொருத்திய கருவிகளையும் பதிவுக்குள் கொணர்ந்தது. கேபிளோ 2018இல் வந்த 2.5ஆம் பதிப்பிலேயே நிறமும் நீளமுமுடைய தனிப்பொருளாயிற்று. பலகையின் முன்துறை, பின்துறைகளும் அப்பொழுதே இடம்பெற்றன. மிகப் பிந்திய சேர்க்கை என்பதே எம் கருத்து.

நெற்பொக்ஸ் உரைப்பது உள்ள நிலையையன்று, இருக்கவேண்டிய நிலையை. எல்.எல்.டி.பி. கூறுவதோடு அது முரண்படுமிடத்து, பதிவேட்டைத் திருத்துவதா கேபிளை மாற்றுவதா என்பதை இரண்டில் எதுவும் தீர்மானிக்காது. இறாக்கையின் பின்புறம் சென்று கேபிளைக் கையாற் பற்றித் தொடர்ந்து பார்க்கவேண்டியவர் ஊழியரே.